ஒரே உரலில் இரண்டு உலக்கை

2023-ஆம் ஆண்டு அக்கினி நட்சத்திரம் தொடங்கி நான்கைந்து நாட்கள் ஆகியிருக்கும். மாலைப் பூசை முடிந்து, பங்கு இல்லத்தின் முன்னறையில் மின்விசிறியின்கீழ் அமர்ந்திருந்தேன். கடலூர் முதுநகரைச் சேர்ந்த ஒரு தாய் வந்து வாசற்படியிலேயே நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சாமி, எங்கள் வீட்டில் இருக்கிற அந்தக் கம்ப்யூட்டரைக் கோவிலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அது வேண்டாம் எனக்கு. பிள்ளைகள் இரண்டு பேரும் பேசிக்கொண்டு பதினெட்டு நாள் ஆகிறது" என்றார்.

அந்தக் குடும்பத்தை நான் நன்கு அறிவேன். தகப்பனார் மின்வேலை செய்தவர். எங்கள் ஆலயத் திருவிழாவுக்குச் சீரியல் விளக்குகள் கட்டித் தந்தவர். 2020-ஆம் ஆண்டில் இறந்துபோனார். மூத்த மகன் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்துக்கொண்டு, அண்ணாமலை நகரில் நண்பர்களுடன் அறை எடுத்துத் தங்கியிருந்தான். இளையவன் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டுக் கல்லூரிக்காகக் காத்திருந்தான். இருவருக்கும் நான்கு வயது வித்தியாசம். தகப்பன் இறந்தபின் ஒருவனை ஒருவன் விட்டுப் பிரியாமல் இருந்த பிள்ளைகள்.

இவ்வளவுக்கும் காரணம் ஒரு கம்ப்யூட்டர் என்றதும், நம் இல்லங்களில் வழக்கமாக நடப்பதுதான் என்று எண்ணினேன். யார் எவ்வளவு நேரம் உட்காருவது என்ற சண்டையாக இருக்கும். ஆனால் அந்தத் தாய் சொன்னது வேறு. "மூத்தவன் வாங்கிய கார்டு சரியில்லை என்று சின்னவன் சொல்கிறான். சின்னவன் வாங்கிய கார்டு வந்த பிறகுதான் கெட்டுப்போயிற்று என்று மூத்தவன் சொல்கிறான். நீங்கள் ஆம்ப்ளிஃபையர் எல்லாம் பார்ப்பீர்களே, இதையும் பாருங்கள் சாமி."

ஆம்ப்ளிஃபையர் பார்ப்பது உண்மைதான். குருமடத்தில் தத்துவம் படித்த நாட்களில், அங்கிருந்த பழைய ஒலிபெருக்கிக் கருவியைச் சரிபார்க்கும் பொறுப்பு எப்படியோ என் தலையில் விழுந்தது. சால்டரிங் அயர்ன் பிடிக்கவும் மல்டிமீட்டர் வைத்து அளக்கவும் அங்குதான் கற்றுக்கொண்டேன். அன்று படித்த இலத்தீன் வேற்றுமைகளில் பாதி இன்று மறந்துவிட்டது. ரெசிஸ்டரின் வண்ணக் கோடுகள் மறக்கவில்லை.

மறுநாள் காலை முதுநகருக்குச் சென்றேன்.

வாசகர்களில் பலருக்கு இந்தப் பொருள் புதிதாக இருக்கலாமாதலால் சிறிது விளக்கிவிடுகிறேன். விளையாட்டுக்கென்று அமைக்கப்படும் கம்ப்யூட்டரில், திரையில் தோன்றும் காட்சியை வரைவதற்கென்றே தனியாக ஒரு பலகை பொருத்தப்படும். அதற்குக் கிராபிக்ஸ் கார்டு என்று பெயர். சினிமாப் படச்சுருளில் நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன அல்லவா? இந்தக் கார்டு நொடிக்கு அறுபது, எழுபது என்று படங்களை அப்போதைக்கப்போது வரைந்து திரைக்கு அனுப்புகிறது. ஒரு கார்டு போதவில்லையென்றால் இரண்டு கார்டுகளைப் பக்கத்துப் பக்கத்தில் செருகி, அவற்றின் தலையில் பாலம் போன்ற ஒரு சிறு இணைப்பை மாட்டி, இரண்டையும் ஒரே வேலைக்குப் பழக்கலாம் என்று முன்பு ஒரு வழி இருந்தது. 1998-இல் த்ரீடி-எஃப்எக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 'வூடூ-2' கார்டில் இதைச் செய்துகாட்டியது. திரையின் ஒற்றைப்படை வரிகளை ஒரு கார்டும் இரட்டைப்படை வரிகளை மற்றொன்றும் வரையும். அந்த நிறுவனம் நொடித்து, அதன் உடைமைகள் என்விடியாவின் கைக்குப் போயின. என்விடியா 2004-இல் எஸ்.எல்.ஐ. என்ற அதே சுருக்கப்பெயரை வேறு விரிவுடன் மீண்டும் கொண்டுவந்தது. மறு ஆண்டே ஏ.டி.ஐ. நிறுவனம் கிராஸ்ஃபயர் என்ற தன் முறையைக் கொணர்ந்தது.

இந்தப் பிள்ளைகளிடம் இருந்தவை என்விடியாவின் ஜி.டி.எக்ஸ். 970 வகைக் கார்டுகள் இரண்டு. அந்த வகை 2014-இல் வெளிவந்தது. மூத்தவன் கல்யாண வீடியோக்களுக்குத் தலைப்பும் அலங்காரமும் செய்து கொடுத்துச் சம்பாதித்த பணத்தில், சென்னை ரிச்சி தெருவில் பழைய கார்டு ஒன்றை முன்பே வாங்கியிருந்தான். பின்னர் 2022 செப்டம்பரில், எத்தேரியம் என்னும் மின்நாணயத்தைக் கார்டுகளால் 'தோண்டி எடுக்கும்' முறை கைவிடப்பட்டது. அதற்கென ஓடிய கார்டுகள் உலகெங்கும் பழைய பொருளாகச் சந்தையில் குவிந்து, எல்லாக் கார்டுகளின் விலையும் இறங்கிற்று. இளையவன் விடுமுறை நாட்களில் கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறிச் சேர்த்த 5,500 ரூபாயில் அதே வகைக் கார்டு இன்னொன்றை வாங்கி, அண்ணனுடைய கார்டுக்குக் கீழே செருகினான். அண்ணனுக்குப் பிறந்தநாள் பரிசு என்றே அதைச் செய்திருக்கிறான். இதைப் பின்னர்தான் அறிந்தேன்.

இரண்டாவது கார்டு வந்த நாளிலிருந்து வந்தன மூன்று கோளாறுகள். விளையாட்டு உச்சத்தில் இருக்கும்போது கம்ப்யூட்டர் சட்டென்று அணைந்து, தானே மீண்டும் எழும். அணையாத நேரத்தில் காட்சி வெட்டி வெட்டி நகரும். நொடிக்கு 80 படங்கள் என்று எண் காட்டும், கண்ணுக்கோ கட்டை வண்டியில் போவதுபோல் இருக்கும். அரைமணி நேரம் சென்றால் எல்லாமே மந்தமாகிவிடும். கல்யாண வீடியோ வேலை ஒன்று பாதியில் அழிந்துபோனது அப்படித்தான். வார இறுதியில் வீட்டுக்கு வந்து, வாக்களித்த நாளில் வேலையைக் கொடுக்க முடியாமல் மூத்தவன் ஒருவரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறான். அன்று இரவு வாய்ச்சண்டை முற்றி, இரண்டு கார்டுகளையும் இணைக்கும் அந்தப் பாலத்தை மட்டும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சிதம்பரத்துக்கு ரயிலேறிவிட்டான். "என் கார்டை உன்னோடு சேர்த்து ஓட்டாதே" என்பது அவன் கடைசியாகச் சொன்ன சொல்.

பாலம் இல்லாவிட்டால் விளையாட்டில் இரண்டு கார்டும் சேர்ந்து இயங்கா. ஆனால் மூத்தவன் வேலைக்குப் பயன்படுத்தும் 'பிளெண்டர்' என்ற இலவச மென்பொருளுக்குப் பாலம் தேவையில்லை. இரண்டு கார்டுகளுக்கும் தனித்தனியே வேலையைப் பங்கிட்டுக் கொடுத்துவிடும். ஆகவே இளையவன் அதனை ஓட்டிக் காட்டினான். வெப்பநிலையைத் திரையில் பார்த்தேன். மேலே இருந்த அண்ணன் கார்டு பத்தே நிமிடத்தில் 83 டிகிரி. கீழே இருந்த தம்பி கார்டு 67. இந்தவகைக் கார்டு 80 டிகிரியைத் தொட்டால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மேலதைத் தொட்டுப் பார்த்தேன். தோசைக்கல் போல் சுட்டது. அண்ணனுடையதோ பழைய கார்டு. எத்தனை பேர் கை மாறியதோ!

"மூத்தவன் கார்டில்தான் பழுது இருக்கிறது" என்று அந்தத் தாயிடம் சொன்னேன்.

அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டேன். சொன்ன அரைமணி நேரத்தில், சாமியாரே சொல்லிவிட்டார் என்ற செய்தி சிதம்பரம் போய்விட்டது. அன்றிரவு எனக்கு உறக்கம் சரியாக வரவில்லை. வெக்கை ஒரு காரணம், அது மட்டும் அல்ல. இரண்டு ஒலிபெருக்கிகளில் ஒன்று பாடாவிட்டால், பெட்டியைக் குறை சொல்லுமுன் வயர்களை இடவலம் மாற்றிப் பார்க்க வேண்டும் என்பதைக் குருமடத்தில் இளையவர்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இங்கே மாற்றிப் பார்த்தேனா? இல்லை. ஒருவனுடைய வாக்குமூலத்தை மட்டும் கேட்டேன். மற்றவன் ஊரில்கூட இல்லை.

காலையில் மீண்டும் சென்றேன். மின்சாரத்தை நிறுத்தி, கார்டுகளைக் கழற்றினோம். கடற்காற்றுப் படும் வீடு அது. கார்டின் தங்கமுலாம் பூசிய பற்களில் மங்கலாகக் கறை படிந்திருந்தது. பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பரால் மெல்லத் துடைத்தோம். பிறகு தம்பி கார்டை மேலும் அண்ணன் கார்டைக் கீழும் செருகி அதே வேலையை ஓட்டினோம். பத்து நிமிடம் சென்றது. மேலே 83, கீழே 68.

இளையவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஃபாதர், இப்போது மேலே இருப்பது என்னுடையது" என்றான்.

காரணம் மிக எளியது. கம்ப்யூட்டர் பெட்டிக்குள் கார்டுகள் கிடைமட்டமாக ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. விசிறிகள் கீழ்நோக்கி இருக்கின்றன. கீழ்க்கார்டின் முதுகுச் சூடு மேலெழும். அந்தச் சூட்டுக் காற்றைத்தான் மேல்கார்டின் விசிறி இழுத்து மூச்சுவிட வேண்டும். இடையிலுள்ள சந்து இரண்டு விரற்கடை அகலம். கடலூர்க் கோடையில், ஜன்னலைத் திறந்தால் உப்புக்காற்று வருமென்று மூடிவைத்த அறையில், மேலே யார் இருந்தாலும் வேகத்தான் செய்வார். குற்றம் இருக்கையில் இருந்தது, இருந்தவரிடம் இல்லை.

இதனைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். சொல்ல மனம் ஒப்பவில்லை. பிற்பகல் பேருந்து ஏறினேன். சிப்காட் ஆலைகளைத் தாண்டி, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகச் சிதம்பரத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணம். வெள்ளாற்றுப் பாலத்தில் வண்டி ஏறியபோது, ஆற்றில் நீரைவிட மணல் அதிகம் தெரிந்தது.

அண்ணாமலை நகரில் ஒரு தேநீர்க் கடையில் அவனைச் சந்தித்தேன். கடை வாசலில் நின்று எழுந்து வணங்கினானே தவிர முகத்தில் சிரிப்பில்லை. நான் சுற்றி வளைக்காமல், "உன் கார்டு பழுது என்று சொன்னது என் தவறு. மாற்றிப் பார்க்காமல் சொல்லிவிட்டேன்" என்றேன்.

அவன் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்பா இருந்தால் முதலில் இரண்டையும் மாற்றித்தான் பார்த்திருப்பார், ஃபாதர்" என்றான்.

ஐம்பது வயதைக் கடந்த பிறகு, மேடையில் நின்று பேசியே பழகியவனுக்கு இப்படி ஒரு வாக்கியத்தைக் கேட்டு வாய்மூடி உட்கார்ந்திருப்பது எளிதன்று. தேநீர் ஆறிப்போயிற்று. அவனே அடுத்து, "தம்பி கார்டு கெட்டது என்று நானும்தான் பார்க்காமல் சொன்னேன்" என்றான். அறைக்குப் போய், ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து, காம்பஸுக்கும் பென்சிலுக்கும் நடுவில் வைத்திருந்த அந்தப் பாலத்தை எடுத்து வந்தான். ஒரு விரல் நீளம்கூட இல்லாத வளையும் பட்டை. அதைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தான். "நீயே கொண்டு வா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தான். அண்ணனும் தம்பியும் நேராகப் பேசிக்கொள்ளவில்லை. "ஃபாதர், அந்த ஸ்க்ரூடிரைவரை எடுக்கச் சொல்லுங்கள்" என்ற கணக்கில் என் வழியாகப் பேசினார்கள். நான் ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டேன். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். என்ன மாற்றினோம், என்ன நடந்தது என்று எழுதிவிட்டுத்தான் அடுத்தது. இளைஞர்களுக்கு இது பெரும் சோதனை. நான்கு காரியங்களை ஒன்றாகச் செய்துவிட்டு, சரியாகிவிட்டது என்று எழுந்து போகத்தான் அவர்களுக்குத் தெரியும். எதனால் சரியாயிற்று என்று கேட்டால் விழிப்பார்கள்.

முதலில் திடீரென அணைவதை எடுத்துக்கொண்டோம். பாலம் இல்லாதபோதும் பிளெண்டரில் அது நடந்திருக்கிறது. ஆகவே விளையாட்டின்மீதோ பாலத்தின்மீதோ பழியில்லை. ஒரு கார்டை மட்டும் வைத்து இரண்டு மணி நேரம் ஓட்டினோம், அணையவில்லை. மற்றொன்றை மட்டும் வைத்தோம், அதுவும் அணையவில்லை. இரண்டையும் வைத்ததும் ஏழாவது நிமிடத்தில் அணைந்தது. தனித்தனியே நல்லவர்கள், சேர்ந்தால் தாங்கவில்லை. அப்படியானால் இருவருக்கும் சோறு போடுகிற இடத்தைப் பார்க்க வேண்டும்.

அந்த இடம் பவர் சப்ளை. மேலே பெரிய எழுத்தில் 500 வாட் என்று அச்சிட்டிருந்தது. பக்கவாட்டில் ஒட்டியிருந்த சிறிய அட்டவணையை மூத்தவன் டார்ச் அடித்துப் படித்தான். கார்டுகளுக்கும் பிராசசருக்கும் வேண்டிய 12 வோல்ட் மின்சாரம் 30 ஆம்பியர் வரைதான். பெருக்கினால் 360 வாட். ஒரு கார்டுக்குக் கணக்குப்படி 145 வாட், இரண்டுக்கு 290. பிராசசருக்கு 84. மொத்தம் 374. அதுவும் சராசரிக் கணக்குத்தான்; கண்ணிமைக்கும் நேரத்துக்குக் கார்டுகள் இதைவிட அதிகமாக இழுக்கும். மஞ்சள் கம்பிக்கும் கறுப்புக் கம்பிக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்தேன். சும்மா இருக்கும்போது 11.9 வோல்ட். ஒரு கார்டு உழைக்கும்போது 11.7. இரண்டும் உழைத்தபோது 11.2-க்கு இறங்கி, நான் வாய்விட்டுப் படித்து முடிப்பதற்குள் அணைந்துவிட்டது. விதிப்படி 11.4-க்குக் கீழே போகலாகாது.

அதைவிட அச்சமூட்டிய ஒன்று அப்புறம் கண்ணில் பட்டது. இரண்டு கார்டுகளுக்குமாக நான்கு மின்செருகிகள் வேண்டும். அந்தப் பவர் சப்ளையில் இருந்தவை இரண்டு. மீதி இரண்டையும், ஹார்டு டிஸ்க்குக்கு உரிய மெல்லிய கம்பிகளிலிருந்து மாற்றுச்செருகி போட்டு எடுத்திருந்தான் இளையவன். வெள்ளைச் செருகி ஒன்றின் ஓரம் தேன் நிறத்தில் உருகியிருந்தது. மின்வேலை செய்தவர் வீட்டில் இது நடந்திருக்கிறது. மூத்தவன் அதை எடுத்துத் தம்பியின் முகத்துக்கு நேரே நீட்டினான். திட்டப் போகிறான் என்று எண்ணினேன். "கை கிய் பட்டிருந்தால் என்னடா ஆவது?" என்றான். பதினெட்டு நாளும் அதன்மேல் ஒரு வாரமும் சென்றபின் நேராகச் சொன்ன முதல் சொல் அது.

750 வாட் பவர் சப்ளை ஒன்று, நான்கு செருகிகளும் தன்னிலேயே உள்ளது, வாங்கினோம். மூத்தவன் பாதிக்குமேல் போட்டான். குறைந்ததை நான் கடனாகக் கொடுத்தேன், பின்னர் திருப்பித் தந்துவிட்டார்கள். பெட்டியின் பக்கக் கதவில் காற்றை உள்ளே தள்ளும் விசிறி ஒன்று பொருத்தினோம். கார்டுகளில் காய்ந்து பொருக்காயிருந்த தெர்மல் பேஸ்ட்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவினோம். மேல்கார்டு 83-லிருந்து 76-க்கு வந்தது. யு.பி.எஸ். கருவியிலும் ஒரு சிக்கல் இருந்தது: 600 வி.ஏ. என்று எழுதியிருந்தது 360 வாட்டுக்குத்தான் தாங்கும். மாலை நேரத்தில் மின்சாரம் தாழ்ந்து அது பொறுப்பேற்கும் வேளையில், கனம் தாங்காமல் கையை விரித்துவிடும். மின்தடை வந்தால் உடனே வேலையைச் சேமித்து நிறுத்திவிடுவது என்று அப்போதைக்கு முடிவு செய்தார்கள்.

அதன்பின் ஒரு முறைகூட அணையவில்லை. தாய் எங்களுக்கு நெத்திலி வறுத்துச் சோறு போட்டார்.

நிற்க. வெட்டி வெட்டி நகரும் கோளாறு போகவில்லை. அதனோடு நாங்கள் மூன்று ஞாயிறு மல்லுக்கட்டினோம்.

அவர்கள் சோதனைக்கு எடுத்துக்கொண்டது 2015-இல் கம்ப்யூட்டருக்கு வந்த 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' ஐந்தாம் பாகம். பெயரே கார் திருட்டு. அதைப் பற்றி அவர்களிடம் தனியே பேசிவிட்டேன், இங்கு வேண்டாம். கார்டின் டிரைவர் மென்பொருளை அடியோடு நீக்கிப் புதிதாக நிறுவினோம். காட்சியின் நுணுக்க அளவைக் குறைத்துப் பார்த்தோம். சற்றுப் பயன் இருந்தது. இந்தவகைக் கார்டில் 4 ஜி.பி. நினைவகம் என்று விற்கப்பட்டாலும், அதில் கடைசி அரை ஜி.பி. மிக மந்தமானது என்பது 2015 ஜனவரியில் வெளிப்பட்டுப் பெரும் வழக்காயிற்று. அமெரிக்காவில் வாங்கியவர்களுக்குக் கார்டு ஒன்றுக்கு 30 டாலர் கொடுக்க 2016-இல் உடன்பாடு ஏற்பட்டது. இரண்டு கார்டு போட்டால் நினைவகம் எட்டாகிவிடும் என்று இளையவன் நம்பியிருந்தான். ஆகாது. இரண்டுமே ஒரே காட்சியை வரைவதால், ஒரே சரக்கை இரண்டும் தத்தம் பையில் வைத்திருக்க வேண்டும்.

இவ்வளவு செய்தும் தடுமாற்றம் அப்படியே இருந்தது. நொடிக்கு எத்தனை படம் என்று காட்டும் எண்ணை விட்டுவிட்டு, ஒவ்வொரு படத்துக்கும் எத்தனை மில்லி நொடி பிடிக்கிறது என்று பார்க்கலாம் என்றான் மூத்தவன். 'ஆஃப்டர்பர்னர்' என்ற இலவச மென்பொருள் அதனைக் கோடாக வரைந்து காட்டும். ஊரின் நெரிசலான தெருவில் காரோட்டியபோது அந்தக் கோடு ரம்பத்தின் பற்கள்போல் வந்தது. 5, 20, 5, 20 என்று மாறி மாறி.

அதைப் பார்த்ததும் எனக்கு என் பாட்டி வீட்டு முற்றம் நினைவுக்கு வந்தது. ஒரே உரலில் இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று நெல் குத்துவார்கள். ஒருத்தியின் உலக்கை இறங்கும்போது மற்றவளது ஏறும். இருவர் கையும் ஒரு தாளத்தில் இருந்தால் 'தொம் தொம்' என்று சீராகக் கேட்கும். ஒருத்தி களைத்தாலோ, மனம் வேறெங்கோ போனாலோ, 'தொம்தொம்' என்று இரண்டும் ஒட்டி விழுந்து, பின்பு நெடு இடைவெளி வரும். மணிக்கு இத்தனை குத்து என்று எண்ணினால் கணக்குக் குறையாது. ஆனால் கேட்கிற காதுக்குத் தெரியும்.

இந்த இரண்டு கார்டுகளும் செய்வது அதுவே. முதற்படம் ஒன்று, இரண்டாம் படம் மற்றொன்று என மாற்றி மாற்றி வரைகின்றன. 5-உம் 20-உம் கூட்டிப் பாதியாக்கினால் 12.5 மில்லி நொடி. அதாவது நொடிக்கு 80 படம். கண்ணோ அந்த 20-ஐத்தான் உணர்கிறது. அது நொடிக்கு 50 படத்துக்குச் சமம். வெகுகாலம் விமர்சகர்களும் சராசரி எண்ணை மட்டுமே அச்சிட்டு வந்தார்கள். 2011-இல் ஸ்காட் வாசன் என்பவர் 'டெக் ரிப்போர்ட்' இணையதளத்தில், ஒரு நொடிக்குள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள் என்று படத்துக்குப் படம் நேரத்தை அளந்து எழுதிய பிறகே நிறுவனங்கள் விழித்துக்கொண்டன. ஏ.எம்.டி. 2013 ஆகஸ்டில் இடைவெளியைச் சமன்செய்யும் டிரைவரை வெளியிட்டது. என்விடியாவிலும் அதற்கான உத்தி உண்டு. ஆனால் எந்த உத்தியும் எல்லாத் தெருவிலும் வேலை செய்வதில்லை.

ஒரு கார்டைக் கழற்றிவிட்டு அதே தெருவில் ஓட்டினோம். நொடிக்கு 58 படம். கோடு 17, 17, 18, 17 என்று ஏறத்தாழ நேராக வந்தது. 80-ஐவிட 58 கண்ணுக்கு இதமாக இருந்தது. மீண்டும் இரண்டு கார்டையும் போட்டு, 60-க்குமேல் போகாதபடி கடிவாளம் இட்டோம். தடுமாற்றம் பெரிதும் குறைந்தது. "60-க்கு ஒரு கார்டே ஏறக்குறையப் போதுமே, ஃபாதர்" என்றான் மூத்தவன். அது எனக்கும் தெரிந்தது. ஒப்புக்கொள்ளத்தான் பிடிக்கவில்லை. அண்ணன் கார்டும் தம்பி கார்டும் ஒரே பெட்டியில் சேர்ந்து ஓட வேண்டும் என்று நான் தீர்மானித்திருந்தேன். அந்தத் தாய்க்கும் மறைமுகமாக அப்படியே வாக்குக் கொடுத்திருந்தேன். ஆகவே இன்னும் ஒரு ஞாயிறு பார்ப்போம் என்றேன். பார்த்தோம். மாறவில்லை.

அந்த ஞாயிறன்று மூத்தவன் தான் படித்த செய்தியைச் சொன்னான். எஸ்.எல்.ஐ.க்காக ஒவ்வொரு விளையாட்டுக்கும் என்விடியாவே தயாரித்துவந்த குறிப்புகளை 2021 ஜனவரி 1 முதல் புதிதாக எழுதுவதில்லை என்று நிறுத்திவிட்டார்கள். 30 வரிசையில் 3090 கார்டுகளில் மட்டும் இணைப்புக்கு இடம் விட்டார்கள். 2022-இல் வந்த 40 வரிசையில் அதுவும் இல்லை. இனி இரண்டு கார்டும் சேர்ந்து இயங்க வேண்டுமானால், விளையாட்டை எழுதுபவரே அதற்கென்று உழைக்க வேண்டும். அவ்வாறு உழைப்பவர் மிகச் சிலர். "நாம் சரிசெய்யத் தெரியாமல் இல்லை, ஃபாதர். இது இப்படித்தான்" என்றான்.

இளையவன் அதுவரை பேசாமல் இருந்தான். பின்பு எழுந்து, அண்ணன் கார்டை வாங்கியபோது வந்த அட்டைப்பெட்டியைப் பரண்மேலிருந்து எடுத்துத் தூசி தட்டினான். "அண்ணா, உன் ரூமில் இருக்கிற பழைய கம்ப்யூட்டரில் இதைப் போடு. பழைய பவர் சப்ளையையும் எடுத்துக்கொண்டு போ. ஒரு கார்டுக்கு அது போதும்" என்றான்.

ஒரு கார்டும் ஒரு பிராசசரும் சேர்ந்தால் 229 வாட். அந்த 360-க்குள் தாராளமாக அடங்கும். அதன் சொந்தச் செருகிகள் இரண்டும் அந்த ஒரு கார்டுக்குச் சரியாக இருந்தன. அன்று மல்டிமீட்டரில் 11.7-க்குக் கீழே முள் இறங்கவில்லை என்று நோட்டில் எழுதியிருந்ததையும் எடுத்துப் பார்த்துக்கொண்டோம். உருகிய மாற்றுச்செருகியை நான் வாங்கி உடைத்துப் போட்டேன்.

மூத்தவன் கடலூர் துறைமுகம் சந்திப்பில் மாலை ரயில் ஏறினான். கார்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டான். தம்பி பவர் சப்ளை இருந்த பையை ஜன்னல் வழியாகக் கொடுத்தான். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவன் ஒன்றும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

பத்து நாட்கள் கழித்து அந்தத் தாய் மீண்டும் வந்தார். இம்முறை உட்கார்ந்தார். "இரண்டு பேரும் இராத்திரி இராத்திரி விளையாடுகிறார்கள், சாமி. இவன் இங்கே, அவன் அங்கே. காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு 'அண்ணா, இடது பக்கம் வா, இடது பக்கம்' என்று இவன் கத்துகிற கத்தலில் எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. பதினோரு மணிக்குமேல் கூடாது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார். சொல்கிறேன் என்றேன்.

பாலத்தை இருவருமே எடுத்துக்கொள்ளவில்லை. என் மேசை இழுப்பறையில் ஆம்ப்ளிஃபையர் ஃபியூஸ்களோடு கிடக்கிறது. எப்போதாவது ஃபியூஸ் தேடும்போது கையில் அகப்படும். எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப அங்கேயே போட்டுவிடுகிறேன்.